தடைக்காலத்து பேண்ட்

என் சித்தி மகன் படகு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபோதுதான் நாமும் ஒரு பேண்ட் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம் அது. விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் தோளோடு தோள் உரசி நின்றன. சித்தி கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியோடு படகில் ஏறினால், அவன் கறுப்பு பனியன் ஒன்றைச் சுருட்டி கிரீஸை வழித்துக்கொண்டிருக்கிறான். பனியனின் நெஞ்சில் ஒரு கிழிந்த குடைப் படம்.

"ஏலே, அதை எங்க வாங்குன?"

"ரோட்டோரத்துலதான். எதுக்குளா?"

"அது என்னன்னு தெரியுமா?"

"கிழிஞ்ச குடை. மழைக்கு ஆவாது."

அந்தக் குடை ஓர் ஆங்கிலேய பங்க் ராக் பேண்டின் சின்னம். ஐந்தாறு மாதமாக, அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸிலும் திரும்புகிற பஸ்ஸிலும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் சத்தம்தான். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்குக்கான ஆவணங்களைத் தட்டச்சு செய்கிறவள். நாள் முழுக்க "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று எழுதிவிட்டு வெளியே வருகிறவளுக்கு, யாருடைய மேலான கவனத்தையும் கேட்காமல் கத்துகிற நான்கு பேரைக் கேட்டால் எப்படி இருக்கும்! உலகத்தையே திட்டிக்கொண்டு கிளம்பிய அந்த நால்வரும் கடைசியில் எங்கள் ஊர் நடைபாதைக்கு மலிவு விலை பனியனாக வந்து, அங்கிருந்து கிரீஸ் துணியாகவும் ஆகிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள் என்றே நினைக்கிறேன்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேண்டின் வரலாற்றைச் சொன்னேன். லண்டனில் வேலை கிடைக்காமல் சுற்றிய பையன்கள். மழைத் தண்ணீர் ஒழுகும் ஓர் அடித்தளத்தில்தான் வாசித்துப் பழகினார்கள், அதனால்தான் குடை. கித்தாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று விரல்பிடி, மட்டும் தெரியும். அதை வைத்தே ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். பத்திரிகைகள் திட்டின, திட்டத் திட்டக் கூட்டம் சேர்ந்தது. ஒரு பயணத்தின் நடுவில் கித்தார்காரன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, பாடுகிறவனே கித்தாரைத் தூக்கி மாட்டிக்கொண்டான். பிறகு பிரிந்தார்கள். வயிறு போட்டு, முடி கொட்டி, இப்போது மறுபடி ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள்.

"வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லுத. அப்புறம் எதுக்கு மேடை ஏறுனாவ?"

"தெரியாமலே ஏறலாம்னு காட்டத்தான்! அவங்களைப் பாத்துதான் ஊர் ஊரா ஆளுக ஆரம்பிச்சாங்க. எனக்கே தெரியாத பாஷையில எல்லாம் பங்க் பேண்ட் இருக்குலே."

"நம்ம பேண்டு மாஸ்டர் பாத்திருந்தா குச்சியாலேயே சாத்தியிருப்பாரு."

அவன் அப்படிச் சொல்ல உரிமை உள்ளவன். எங்கள் மாதா கோயில் பேண்ட் செட்டில் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து டிரம் அடிக்கிறான். திருவிழாவில் சப்பரம் தெருத் தெருவாக வரும்போது முன்னால் போகும் வெள்ளைச் சட்டை வரிசையில் அவனைப் பார்க்கலாம். முகத்தில் உணர்ச்சியே இருக்காது, கை மட்டும் இயந்திரம் மாதிரி ஓடும். அவன் கண் எப்போதும் மாஸ்டரின் கைமேல் இருக்கும். முக்குக்கு முக்கு சப்பரம் நிற்கும், ஜெபம் சொல்வார்கள். மாஸ்டர் கையைத் தூக்கினால் அந்த நொடியே சத்தம் நிற்க வேண்டும். ஒரு அடி கூடுதலாக விழுந்தாலும் அன்று இரவு சாப்பாட்டோடு திட்டும் கிடைக்கும்.

ஆக, டிரம்முக்கு ஆள் ஆயிற்று. கித்தாருக்கு என் கல்லூரி நண்பன். காயல்பட்டினத்துக்காரன், வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்தான். துபாயிலிருக்கும் அவன் காக்கா, அதாவது அண்ணன், ஏதோ வேகத்தில் வாங்கி, அதே வேகத்தில் ஊருக்கு அனுப்பிவிட்ட ஒரு கித்தார் அவன் வீட்டு அலமாரி மேல் கிடந்தது. போனில் கேட்டேன்.

"எத்தனை கார்டு தெரியும்?"

"ரெண்டரை."

"போதும். அதிகமாவே தெரிஞ்சு வச்சிருக்க."

பாடுகிறவள் நான். எனக்குப் பாட வராது. அதுதான் தகுதி என்று அந்த பேண்டின் வரலாறே சொல்கிறதே.

வீட்டில் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. அதுதான் கோபமாக இருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "கொரியன் படிச்ச, கேக் போட்ட, யூடியூப் சேனல் ஆரம்பிச்ச. இதுவும் ஒரு மாசம்தான்" என்றாள். அப்பா அதுகூட இல்லை, நாட்காட்டியைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. நான் ஆரம்பித்த எதையும் முடித்ததில்லை. அங்கேயே மனதுக்குள் முடிவு செய்தேன்: தடைக்காலம் முடிவதற்குள் ஒரு தடவையாவது, ஒரே ஒரு பாட்டையாவது, ஆட்களுக்கு முன்னால் பாடி முடித்துவிட வேண்டும். தடை முடிந்தால் டிரம்காரன் ஞாயிறு தவிர எல்லா நாளும் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவான். விசா வந்தால் கித்தார்காரன் கடல் தாண்டியே போய்விடுவான். அப்புறம் நானும் அம்மாவின் பட்டியலும்தான் மிச்சம்.

பழக இடம் கிடைத்தது ஐஸ் பேக்டரியில். படகு போகாத இரண்டு மாதம் ஐஸுக்கு வேலை இல்லை. கட்டிகளை அடுக்கும் அறை காலியாகக் கிடந்தது. பேக்டரி அண்ணாச்சி சித்தப்பாவுக்குப் பழக்கம். சாவியைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"என்ன பாட்டும்மா? சாமி பாட்டா, சினிமா பாட்டா?"

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. கோவப் பாட்டு."

"கோவத்துக்கு ஐஸ் ரூமா. சரியாத்தான் வந்திருக்கிய."

முதல் நாள் நான் ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். குளிர், மூடுபனி, ராணி, சாம்பல் நிறக் கட்டடங்கள் எல்லாம் அதில் இருந்தன. சித்தி மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்தான்.

"ஏளா, அந்த ராணிக்கும் நமக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?"

கித்தார்காரன் இன்னும் மோசம். "மூடுபனின்னு நான் வாசிச்சா எங்க உம்மாவே சிரிப்பாங்க. முத்துக்குளிப்பைப் பத்தி எழுதேன், நம்ம ஊர் விஷயம்."

"முத்தை நான் நகைக்கடை கண்ணாடிக்குள்ளதான் பாத்திருக்கேன்" என்றான் டிரம்காரன். "ரயிலுக்குப் பேரு முத்து, கடைக்குப் பேரு முத்து. இதுல பாட்டு வேறயா?"

அப்படியானால் எதைத் திட்டுவது? அதுவே இரண்டு நாள் விவாதமாக ஓடியது. லண்டன் பையன்களுக்குத் திட்ட ஒரு ராணி இருந்தாள். நம்மிடமோ ஒழுங்கான எதிரியே இல்லை. அப்போது கித்தார்காரனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்து, "விசா எப்போன்னு பெரியம்மா கேக்காங்க. காலைலயிருந்து மூணாவது ஆளு" என்றான்.

டிரம்காரன் சிரித்தான். "என்கிட்ட படகு எப்போன்னு கேப்பாவ. தடை எப்ப முடியும்னு என்னமோ நான்தான் உத்தரவு போடுத மாதிரி."

என்னிடம் கேட்கும் 'எப்போ' எது என்று நான் சொல்லவே இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்: "கல்யாணம் எப்போ?"

அன்று மாலைக்குள் பாட்டு தயார். முழுப் பாட்டுக்கும் ஒரே கேள்விதான். ஒவ்வொரு வரியிலும் ஊர் எங்களைக் கேட்கும் ஒரு 'எப்போ'வை நாங்கள் திருப்பிக் கேட்போம். கூடவே எங்கள் கேள்விகளும்: ரோடு எப்போ, வேலை எப்போ, விண்ணப்பத்துக்குப் பதில் எப்போ? கடைசியில் எல்லோரும் சேர்ந்து "எப்போ!" என்று அலற வேண்டும். ஐஸ் அறையின் சுவர் அந்த அலறலை வாங்கி அப்படியே எங்கள் காதில் திருப்பி எறியும். தெருநாய்கள் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, கருத்துச் சொல்லாமல் போய்விடும்.

மேடை தானாகவே வந்தது. தடை முடிந்து படகுகள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, பேக்டரியில் இயந்திரத்தை மறுபடி ஓட்டும்போது கோயில் சாமியார் வந்து மந்திரித்து ஜெபம் சொல்வது வழக்கம். படகுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஐஸ் ஏற்றுகிறவர்கள் என்று கூட்டம் இருக்கும். "சாமி போனதுக்கு அப்புறம் ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு மேல ஐஸ் உருகிரும்."

ஜெபம் முடிந்தது, சாமியார் ஸ்கூட்டரில் போனார், ஐஸ் கட்டி சறுக்கும் மேடைமேல் நாங்கள் ஏறினோம். சித்தி மகன் துவைத்த குடை பனியனில் இருந்தான். கிரீஸ் போகவே இல்லை. கீழே சித்தி, அம்மா, அப்பா. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதமே, கேக் கருகிப்போன நாளை எனக்கு ஞாபகப்படுத்தியது.

வீடியோக்களில் பார்த்திருக்கிறேன்: அந்த பேண்ட் பாட ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் முஷ்டியை உயர்த்தும். அது இல்லாமல் பங்க் என்ன பங்க்? அதனால் மைக்கைப் பிடித்தவுடன் பாடம் எடுத்தேன். "நான் எப்போன்னு கேக்கும்போது எல்லாரும் கையைத் தூக்கணும். இப்படி!" பின்னால் டிரம்களைச் சரி செய்துகொண்டிருந்தவன் இதைக் கேட்கவே இல்லை.

ஆரம்பித்தோம். வேகம் பிடித்தது. முதல் வரி நன்றாகவே போனது. "படகு எப்போ!" என்று அலறினேன். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதைத் தட்டாதவர்கள், அத்தனை கையும் மேலே போயின.

டிரம் நின்றுவிட்டது.

சட்டென்று, சுத்தமாக. ஒரு அடி கூட மிச்சம் விழவில்லை. கித்தார் மட்டும் அநாதையாக இரண்டு முறை முனகி ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தி மகன் குச்சிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, தலை குனிந்து, ஜெபத்துக்கு நிற்பவன் மாதிரி நிற்கிறான். வாழ்நாள் முழுக்க ஒரு கை தூக்கினாலே நிறுத்தியவனுக்கு முன்னால், நான் நூறு கையைத் தூக்க வைத்திருக்கிறேன்!

"அடிலே!" என்று பல்லைக் கடித்தேன்.

"எல்லாரும் கை தூக்கிருக்காவ, எப்படிளா அடிக்க?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவின் பட்டியலில் கேக்குக்குக் கீழே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அந்த அமைதியில், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, ஐஸ் ஏற்றும் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "விடியக்காலம் நாலரைக்கு!"

கூட்டம் சிரித்தது. கைகள் இறங்கின. கை இறங்கியதும் டிரம் தானாக ஆரம்பித்தது. அதுவும் பேண்ட் செட் பழக்கம்தான். நான் அடுத்த வரிக்குத் தாவினேன். "வேலை எப்போ!" கைகள் மேலே. டிரம் நின்றது. "உங்க மாமன் கவுன்சிலர் ஆகட்டும்!" கைகள் கீழே, டிரம். "விசா எப்போ!" "அது உங்க வாப்பாவுக்கே தெரியாது தம்பி!"

அதற்குப் பிறகு பாட்டு எங்கள் கையில் இல்லை. ஒரு மொத்த பேண்டையும் கையால் நிறுத்தலாம், ஓட்டலாம் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. அண்ணாச்சி ஒற்றைக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தார், புதுச் சுவிட்சு வாங்கியவர் மாதிரி. நான் கடைசி வரிக்கு வந்து, தொண்டை கிழிய "கல்யாணம் எப்போ!" என்று கேட்டபோது, நிசப்தத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"மொதல்ல இந்தப் பாட்டை முடி, அப்புறம் சொல்லுதேன்!"

முடித்தேன். கடைசி அடியும் விழுந்தது. எல்லாரும் இருந்தார்கள், யாரும் ஓடவில்லை. அப்பா கைதட்டிவிட்டு, கை தூக்கினால் மறுபடி நின்றுவிடுமோ என்று சட்டென்று இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். அந்த லண்டன்காரர்களின் பாட்டில் எதையும் நாங்கள் வாசிக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது தெரியாமல் மேடை ஏறும் தைரியம் ஒன்றுதான். நிறுத்தி நிறுத்தி வாசித்தது எங்கள் சப்பரத்துப் பழக்கம். இவை இரண்டும் சேர்ந்து என்ன இசை என்று எனக்குப் பெயர் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் சித்தி மகன் கடலுக்குப் போனான். அந்த வாரமே விசா வந்தது. கித்தார்காரன் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கி, கித்தாரை என் மடியில் வைத்தான். "ஐஸ் ரூம்ல நீதானே வரலாறு சொன்ன, கித்தார்காரன் போனா பாடுறவன்தான் மாட்டிக்கணும்னு."

இப்போது என் விரல் நுனி நான்கும் வீங்கியிருக்கின்றன. முதல் கார்டு பிடிபட்டுவிட்டது, இரண்டாவது பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. அப்பா நாட்காட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், அம்மா சத்தம் தாங்காமல் ஜன்னலை மட்டும் சாத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை படகு போகாது. பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கும் சித்தி மகனின் தூக்கத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைக்கும். மீன் ஏலக்கூடம் அப்போது காலியாக இருக்கும், கழுவிவிட்டிருப்பார்கள். அங்கே இரண்டே பேராக, புதிதாக ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை கூட்டம் சேர்ந்தாலும், எந்த இடத்தில் கை தூக்க வேண்டும் என்று நான் சொல்வதாக இல்லை.

"நீ கித்தாரைத் தொட்ட உடனே நான் கையைத் தூக்கிருவேன்ளா" என்று இப்போதே மிரட்டுகிறான் அவன்.