விழுந்தால் வெடிக்காது

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் மேல்மாடியில் தனியே குடியிருந்த சித்தப்பா, தன் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அந்தப் பிஸ்டலை வைத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் பல காலம் வைத்திருந்து கடைக்கு விற்றது. அவருடைய பெருவிரல் பட்டுப் பட்டுப் பிடியின் ஒரு பக்கம் வழவழத்திருந்தது. உள்ளே குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் சித்தப்பா கதிரையில் அமர்ந்தார். துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கிற மனிதர், துவக்குச் சுடும் சங்கத்தில் சேர்ந்து, பொறுமையாகப் பழகி, அனுமதியும் வாங்கி, குறிப்பிட்ட ஒரு பழைய வகைக்காகக் காத்திருந்தது ஏன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அம்மா அதை விசர், பைத்தியம் என்றாள்.

எனக்கு அது விளங்கியது பிஸ்டலை வாங்கப் போன கடையில். அவருக்கு ஜெர்மன் அவ்வளவாக ஓடாது என்பதால் நான் கூடப் போயிருந்தேன். "பிள்ளை, இது கீழை விழுந்தா தானா வெடிக்குமோ எண்டு கேள்" என்றார். ஊரில் அப்பா செத்தது அப்படித்தான் என்று சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். எங்கள் சைக்கிள் கடைக்கு வந்த ஆயுத இயக்கப் பெடியன் ஒருவனின் இடுப்பிலிருந்து பிஸ்டல் நழுவி விழுந்து வெடித்ததாம். பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்பாவின் கூட்டாளி. அது என்ன வகைப் பிஸ்டல் என்பதைக்கூடச் சொன்னவர்; சித்தப்பா தேடியதும் அதே வகைதான். அவரும் பிறகு எசனுக்கே அகதியாக வந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு போட்டிருக்கிறேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். உள்ளே ஒரு தடை இருக்கிறது. விசையை முழுதாக அழுத்தும்வரை அது விலகாது. அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "ஆராவது அழுத்தினாத்தான் வெடிக்குமாம், சித்தப்பா." அவர் தலையாட்டிவிட்டுப் பிஸ்டலை வாங்கிக்கொண்டார்.

கடைக்காரரின் வாயை மட்டும் நம்பி அவர் விடவில்லை. வெறும் பிஸ்டலின் குழாய்க்குள், சுடும் ஊசி அடித்தால் துள்ளும்படி ஒரு பென்சிலைப் போட்டு, மடித்த கம்பளியில் திரும்பத் திரும்ப விழ வைத்தார். ரப்பர்ச் சுத்தியலால் பின்புறம் தட்டினார். பென்சில் துள்ளவில்லை. பிறகு குழாயை மேலே பிடித்து விசையை அழுத்தினார். பென்சில் துள்ளிக் கூரையில் பட்டு விழுந்தது. "எவ்வளவு இறுக்கமாக் கிடக்குது பார். நினைச்சுத்தான் அழுத்தவேணும்" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, நான் கூட இருக்கையில், மாமாவை மேலே கூப்பிட்டார். பிஸ்டல் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியே கிடந்தது. "விழுந்து வெடிச்சதெண்டு சொன்னனீர். விழுந்தா அது வெடிக்காது." மாமா அந்தப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார். "தம்பி, அப்பிடிச் சொல்லச் சொல்லித்தான் இயக்கப் பெடியள் என்னை உயிரோடை விட்டவை. என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் அவரைச் சுட்டவை. மறிக்க ஏலாமல் போச்சு." சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். படியிறங்கிப் போனவர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

"பிள்ளை, அண்ணியிட்டைச் சொல்லாதை என்ன" என்று மட்டும் சித்தப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார். தன் கணவனை எவரும் வெறுத்துக் கொல்லவில்லை என்ற ஒரே ஆறுதலில்தான் அம்மா அத்தனை காலம் உயிரோடிருந்தாள். பிஸ்டலை விற்றுவிட்டார். நல்ல மனிசனை வீட்டைவிட்டுத் துரத்தியவர் என்று அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தினாள். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

போன மாரிக் குளிரில் சித்தப்பா செத்தபோது மாமாவுக்கு அம்மாவே தொலைபேசியில் சொன்னாள். அவர் மாலையோடு வந்தார். அவருடைய இரண்டு கைகளையும் அம்மா பிடித்துக்கொண்டாள். "இவளின்ரை அப்பான்ரை கடைசி நேரத்திலையும் நீங்கள்தான் பக்கத்திலை நிண்டனீங்கள். அவரின்ரை தம்பி செய்ததை மனசிலை வைக்காமல் வந்திட்டியள்." அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.