கலியமூர்த்தி எடுக்க மறுத்த கோடு

என் மூத்த பேத்தி நித்யா வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வகுப்பில் முதல். பேரன் கவின் கபடியில் மாவட்ட அணிக்கு ஆடுகிறான். மூன்றாம் வகுப்புச் சின்னவள் யாழினி கையெழுத்துப் போட்டியில் கோப்பை வாங்கினாள். அதிலிருந்து என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நம் தெருவின் போன் குழுவில் இதையெல்லாம் சொல்லத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். இது வேறு. செவ்வாய்க்கிழமை காலை உலை கொதிக்கும்போது நன்னிலத்திலிருந்து போன் வந்தது. கலியமூர்த்தி போய்விட்டார். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தாராம். அவர் மனைவிதான் சொன்னாள்.

இந்தத் தெருவில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். காரில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுக்கிறவர். மகன் வாங்கிக் கொடுத்த அரக்குக் கலர் காரை முதல் மாதமே கருவை முள் கீறியது. வந்தவர் உடனே தேய்க்கவில்லை. வண்டியை நிழலில் விடச் சொன்னார். "வெயில்ல தேச்சா கோடு போயி வெள்ளையா படலம் வந்துரும்மா" என்றார். கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தடுக்கினால் ஆழமாம், தேய்த்தாலும் போகாதாம். தடுக்காவிட்டால் மேல்பூச்சோடு சரியாம். மெத்தென்ற துணியில் பசையைத் தொட்டு, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். எதிர்வீட்டு சரோஜா, "என் மூஞ்சியையும் இப்படித் தேச்சுக் குடுங்களேன்" என்றாள். "அதுல நகம் தடுக்குதே அக்கா!" என்றார். அன்றைக்கு எல்லோரும் அப்படிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கோடு விழுந்தது. எல்லாம் இடது பக்கம். "கூட்டத்துல எவனோ உரசிட்டான்" என்பார் என் வீட்டுக்காரர். யாழினியைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர்தான். அவர் வெளியே போன நேரமாகக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, இரண்டு முறை எடுக்கச் சொன்னேன். சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவான். பிறகு இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

மூன்றாவது முறை கலியமூர்த்தி நகத்தை ஓட்டியவர், விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை முகர்ந்து பார்த்தார்.

"நின்ன வண்டிய எவனும் உரசலம்மா. முன்னாலேருந்து பின்னால இழுத்துருக்கு. ஓடுற வண்டியில விழுந்தது. இந்தச் சுண்ணாம்பு ஆத்துப் பாலத்துக் கட்டைச் செவுத்தோடது. ஐயாவுக்கு இடது பக்கம் தெரியல. பாப்பா எந்தப் பக்கம் உக்காருது?"

அவர் டப்பாவை மூடினார்.

"இத எடுக்க மாட்டேம்மா. புள்ள வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் கிடக்கட்டும்."

"கோடு எடுக்கத்தான் கூப்பிட்டேன், கண் வைத்தியத்துக்கு இல்ல. போங்க" என்றேன்.

போய்விட்டார். உச்சி வெயிலில் நானே பற்பசையை வைத்துத் தேய்த்தேன். கோடு மங்கியது, அவர் சொன்ன வெள்ளைப் படலம் வந்தது. லீவில் வந்த மகன், "என்னம்மா, வண்டிய வெயில்லயே போட்டு வைக்கிறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அவனும் விமானம் ஏறிவிட்டான்.

பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்த கலியமூர்த்தி, "பாப்பா பின்னால உக்காருதாம்மா?" என்று மட்டும் கேட்டார். உட்காருகிறது என்றேன். அது பொய். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

நேற்று மாலை வண்டி வந்து நின்றபோது இடது பக்கக் கண்ணாடியைக் காணோம். கதவில் கை நீளத்துக்குச் சுண்ணாம்பு. முன் சீட்டிலிருந்து இறங்கிய யாழினி, "தண்ணி ரொம்பக் கிட்டக்கத் தெரிஞ்சுது ஆச்சி" என்றாள். என் வீட்டுக்காரர் கால் கழுவப் போனார்.

கலியமூர்த்தி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாள் இருந்தது, கேட்கவில்லை. "கிடக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கார் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். மகனும் இந்தக் குழுவில் இருக்கிறான். நித்யா, இந்தக் குழுவில் நான் முன்பு போட்ட கார் படம், மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்த அன்றைக்கு எடுத்தது. லீவில் வீட்டுக்கு வந்திருக்கிற நீ இப்போதே வாசலுக்குப் போய், இடது பக்கம் முழுக்கத் தெரிகிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்துப் போடு. சுண்ணாம்பைத் துடைக்காதே.