நாஸ்காவில் தின்ற இரண்டு ரொட்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வசனத்தை எங்கே முடிப்பது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வர வர மறதியும் கூடிவிட்டது. நேற்றுக் கழுவிக் கவிழ்த்த சட்டியை இன்றைக்குத் தேடுகிறேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைகளில் முதியோர் கூடுவோம். ஆளுக்கொரு பயணத்தைப் பற்றி எழுதித் தாருங்கள், சின்னப் புத்தகமாகப் போடுவோம் என்றார்கள். மற்றவர்கள் காசி, சிதம்பரம், திருவண்ணாமலை என்று எழுதுகிறார்கள். நான் அங்கே கதவுப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறவள். எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பயணம்தான். அது கோயிலுக்குப் போனதும் அல்ல.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். என் மகன் தன் கண்பார்வை போகமுன்னர் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டான். அதை நான்தான் கெடுத்தேன்.

தென்னமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே நாஸ்கா என்ற இடத்தில், மழை என்பதே இல்லாத பாலைவனம். இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட முன்னர் அங்கே இருந்த சனங்கள், தரையில் கிடந்த கறுத்த கல்லை ஒதுக்கி, கீழே உள்ள வெளிறிய மண் தெரியும்படி படம் கீறி வைத்திருக்கிறார்கள். திமிங்கிலம், சிலந்தி, குருவி, குரங்கு. ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு. நிலத்தில் நின்று பார்த்தால் கோடுதான் தெரியுமாம். சின்னப் பிளேனில் ஏறிப் பார்த்தால்தான் உருவம் தெரியும். கீறினவர்களிடம் பறக்கிறதுக்கு ஒன்றும் இருக்கவில்லை, தாங்கள் கீறினதைத் தாங்களே முழுதாகப் பார்க்காமல் செத்துப்போனார்கள் என்று மகன் சொன்னான். அப்போது அதைக் கேட்டு, விசர்ச் சனங்கள் என்று நினைத்தேன்.

அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒன்பது வயதில். கனடாவுக்கு வந்த புதிது. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தான். பாஷை விளங்காத பிள்ளை, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு கொப்பி முழுக்கக் குரங்கு கீறினான். வால் சுருண்டு சுருண்டு போகிற குரங்கு. கணக்குக் கொப்பியிலும் குரங்கு. தகப்பன் அப்போது உயிரோடு இருந்தவர். "உவன் படிக்கிறானோ, குரங்கு வளக்கிறானோ?" என்று கேட்டார்.

நாற்பது தாண்டியும் அந்தக் கொப்பி அவனிடம் இருந்தது. கலியாணம் ஒன்று செய்து அது சரிவரவில்லை. நானும் அவனும்தான், ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒன்பதாம் மாடியில். மிசிசாகாவில் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் வேலை. திடீரென்று ஒருநாள் காரை விற்றுவிட்டான். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வரத் தொடங்கினான். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். ஏனடா என்று கேட்டேன். கார் ஓட்டிக் களைத்துப்போச்சு என்றான். பொழுதுபடமுன்னர் வீட்டுக்கு வந்துவிடுவான். இருட்டினால் வெளியில் போகமாட்டான். மனம் சரியில்லாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். என்னுடைய தமையனுக்கும் இளம் வயதில் மாலைக்கண் இருந்தது. அது எனக்கு ஞாபகம் வரவேயில்லை. பெற்றவளுக்கு வந்திருக்கவேண்டும்.

பிறகு ஒருநாள், நாஸ்காவுக்குப் போவோம், நீங்களும் வாங்கோ என்றான். முதுகில் பையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, இளம் பிள்ளைகள் தங்குகிற மலிவான இடங்களில் தங்கிப் போகிற பயணம். எழுபது வயது மனிசி என்ன செய்கிறது அதில்? கூச்சமாக இருந்தது. அவன் விடவில்லை.

"எனக்குத் துணையா வாங்கோ அம்மா. தனியப் போகேலாது."

நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். லீமா நகரத்து பஸ் நிலையத்தில் படியால் இறங்கும்போது என் தோளில் கையை வைத்துக்கொண்டு இறங்கினான். பொழுதுபட்ட பிறகு தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தான். சின்ன வயதில்கூடப் பிடிக்காத பிள்ளை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. என்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். என்னுடைய கண்ணை வைத்துத்தான் அவன் நடந்தான் என்பது எனக்குத் தெரியாது.

நாஸ்காவில் தங்கின அறையில் எட்டுக் கட்டில், ஒன்றுக்கு மேல் ஒன்று. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக அரைக்காற்சட்டையோடு திரிந்தார்கள். நான் போர்வையை மூக்குமட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தேன். அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரு குசினி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வறுத்த மாவும் உலர்ந்த தேங்காய்ப்பூவும் ஒரு போத்தல் சம்பலும் கொண்டு போயிருந்தேன். பின்னேரம் ரொட்டி சுட்டேன். அந்தப் பிள்ளைகளும் வந்து கேட்டு வாங்கித் தின்றார்கள். இரண்டு ரொட்டி மிஞ்சியது. வெள்ளித்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். அந்த இரண்டையும் யாருக்காவது கொடுத்திருக்கலாம்.

பிளேனில் ஏறமுன்னர் ஒன்றும் சாப்பிடக்கூடாது, வயிற்றைப் பிரட்டும் என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். மகன் இரண்டு மூன்று தரம் சொன்னான். ஆனால் எங்களுடைய ஆட்கள் பயணம் வெளிக்கிட்டால் வயிற்றுக்குள் ஏதாவது போட்டுக்கொண்டுதான் வெளிக்கிடுவோம். வெறுவயிற்றோடு வாகனம் ஏறினால் பித்தம் கிளம்பும், பித்தம் கிளம்பினால்தான் சத்தி வரும் என்று எனக்குச் சின்னனிலிருந்து பழக்கம். வெள்ளைக்காரனுக்கு இது தெரியாது என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சீனி வருத்தக் குளிசையும் போடவேணும். காலமை முகம் கழுவுகிற அறைக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, நின்றபடி இரண்டு ரொட்டியையும் சம்பலோடு தின்றேன். மகனை ஏமாற்றுகிறேன் என்று நினைக்கவில்லை. அவனுக்குக் கரைச்சல் கொடுக்காமல் இருக்கவே தின்றேன்.

அந்தச் சின்ன விமானநிலையத்தில் ஆட்களை நிறுத்துத்தான் இருக்கை தருவார்கள். எல்லாருக்கும் முன்னால் தராசில் ஏறி நிற்க எனக்குச் சீவன் போனது. நிறையைப் பெலத்த குரலில் வேறு சொன்னார்கள். மகன் சிரித்தான். பிறகு என் பக்கத்தில் குனிந்து கேட்டான்.

"ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"இல்லையடா. வெறுந்தேத்தண்ணிதான்."

"கையிலை சம்பல் மணக்குதே."

"அது நேற்றையான் மணம்."

அவன் இன்னும் கொஞ்சம் சிரித்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைக் கீழே இருத்திவிட்டுத் தான் மட்டும் போயிருப்பான்.

பிளேன் ஒரு வான் வண்டி அளவுதான். என்னை வலப்பக்க யன்னலிலும், அவனை அதே வரிசையில் இடப்பக்க யன்னலிலும் இருத்தினார்கள். நடுவில் ஒரு முழ இடைவெளி. காதில் பெரிய மூடி போட்டார்கள், அதற்குள்ளால் பைலட் கதைப்பது கேட்கும். மகன் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, போனை நெஞ்சில் தொங்கவிட்டு, படம் பிடிக்க விட்டான். கண்ணாலை பார்க்கப்போறன், போனுக்குள்ளாலை பார்க்கமாட்டன் என்றான். அந்தக் கொப்பியும் மடியில் இருந்தது.

முதலில் திமிங்கிலம் என்றார் பைலட். நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ வெள்ளைக் கோடு போனது. அதோடு பிளேன் என் பக்கமாகச் சரிந்தது. வலப்பக்கத்து ஆட்கள் பார்க்கவாம். பிறகு மற்றப் பக்கம் சரிந்தது, இடப்பக்கத்து ஆட்கள் பார்க்கவாம். ஒவ்வொரு படத்துக்கும் இப்படி இரண்டு தரம். இரண்டாவது படம் வரமுன்னரே எனக்குச் சத்திக்கு வாய் ஊறிவிட்டது. கண்ணை இறுக மூடினேன். பிறகு நான் கண் திறக்கவில்லை.

ரொட்டி முழுக்க வந்தது. சம்பல் மூக்கால் வந்தது. மகன் தன்னுடைய இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு என் பக்கம் சரிந்து, ஒரு கையால் சத்தி எடுக்கத் தந்த பையைப் பிடித்தான், மற்றக் கையால் என் நெற்றியைப் பிடித்தான். அவன் சின்னனில் சத்தி எடுக்கும்போது நான் அப்படித்தான் பிடிப்பேன். நான் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். காதுக்குள் பைலட் "மங்கி, மங்கி" என்றது கேட்டது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். வலப்பக்கம் சரிந்தது. இடப்பக்கம் சரிந்தது. நான் மணிக்கட்டை விடவில்லை. ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவன் திரும்பியிருப்பான். "நீ பார்" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். வாயில் பை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பை எந்த நேரமும் வாயில் இருக்கவில்லை.

இறங்கினதும் ஒரு மர வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்தான். அந்தப் பாலைவன வெயில் கண்ணைக் குத்தியது. என் முன்னால் குந்தியிருந்து கேட்டான்.

"ஏதும் கண்டனீங்களோ அம்மா?"

இல்லை என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை.

"ஓம் தம்பி. குரங்கைக் கண்டனான்."

"அப்ப காணும், அது போதும்," என்றான். "நானும் கண்டனான்."

நான் நம்பினேன். என் பக்கத்திலும் யன்னல் இருந்தது, என் தலைக்கு மேலால் பார்த்திருப்பான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து ஐந்தாறு மாதத்தில் வேலையை விட்டான். ஒருநாள் கோப்பைக்கு வெளியே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றான். கையில் சுட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் வாய் திறந்தான். கண்ணுக்குப் பின்னால் உள்ள திரை சுற்றிவரக் கருகிக்கொண்டு வருகிற வருத்தமாம். ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரித்தான் கொஞ்ச வருடமாக அவனுக்கு உலகம். குழாயும் அடைபட்டுக்கொண்டு வருகிறது, மருந்து இல்லை, தாய் வழியால் வருகிறது என்று வைத்தியர் காரை விற்கமுன்னரே சொல்லிவிட்டாராம். அந்தப் பயணம் அதற்காகத்தான் போனது. நான் அழுதேன். அவன் அழவில்லை. குரங்கைப் பார்த்திட்டன்தானே அம்மா என்றான்.

இப்போது அவனுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். பல்கனிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறான். போன் அவனுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். ஓடுகிற படத்தை மட்டும் அதனால் சொல்ல முடியாது. போன மாரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என்னைக் கூப்பிட்டான். நாஸ்காவில் பிடித்த படத்தைப் போடுங்கோ, என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ என்றான். எங்கே அமத்துவது என்று அவனே சொல்லித் தந்தான்.

படம் ஓடியது. முதலில் யன்னல், கொஞ்சம் வெளிறின மண். பிறகு பிளேனின் தரை. என்னுடைய சப்பாத்து. அவனுடைய முழங்கால். பை. கீழே விழுந்து கிடக்கிற கொப்பி. என்னுடைய நரைத்த தலையும் அதைப் பிடித்திருக்கிற அவனுடைய கையும். திரும்பவும் சப்பாத்து. ஒருதரமாவது யன்னல் பக்கம் போகுமா என்று பார்த்தேன். கடைசிவரை போகவில்லை. போன் அவன் நெஞ்சில் தொங்கியது. நெஞ்சு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம்தான் அவனும் பார்த்திருக்கிறான்.

பைலட்டின் குரல் வந்தது. மகன் கதிரையில் நிமிர்ந்தான்.

"இப்ப குரங்கு வருது. சொல்லுங்கோ."

நான் சொன்னேன். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வால் பெரிதாகச் சுருண்டிருக்குது, கை இரண்டையும் கீழே நீட்டிக்கொண்டு நிற்குது, வடிவாய் இருக்குது என்றேன். கொப்பியில் அவன் கீறினதை நினைத்துச் சொன்னேன். அவன் அசையாமல் கேட்டான்.

"கையிலை எத்தினை விரல் அம்மா? ரண்டு கையிலையும் சேத்து."

"பத்து."

அவன் கையை நீட்டித் தடவிப் போனை வாங்கி நிற்பாட்டினான்.

"ஒன்பது அம்மா. ஒரு கையிலை நாலுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ரொட்டியைச் சொல்லியிருப்பேன். நான் குசினிக்குப் போய், கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். அந்தப் படத்தில் தரைதான் இருக்கிறது என்பது அவனுக்கு முன்னரே தெரியுமோ, தெரியாதோ, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்பதில்லை. பனி பெய்யுதோ என்றுகூடக் கேட்பதில்லை. போனைத்தான் கேட்கிறான். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறான். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். நல்ல கண் இருக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், பார்க்க வேண்டியவன் அவளுடைய சத்தியைப் பிடித்துக்கொண்டு இருந்தான். இதைத்தான் நாள் முழுக்க நினைக்கிறேன். நினைத்து ஆவது ஒன்றும் இல்லை.

அவனிடம் சொல்லாத ரொட்டிக் கதையை இங்கே எழுதிவிட்டேன். போன் அவனுக்கு இதையும் வாசித்துக் காட்டும் என்று தெரியும். பரவாயில்லை.

புத்தகம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடங்களின் பெயரையும், வருடக் கணக்கையும், நான் எழுதின முறையையும் யாராவது சரிபார்த்துவிடுங்கள். குரங்கின் எந்தக் கையில் நாலு விரல், இடதோ வலதோ, வால் எந்தப் பக்கம் சுருளுது என்பதை நல்ல படம் ஒன்றை வைத்துப் பார்த்து எனக்கு ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். அவன் இனிக் கேட்கமாட்டான். கேட்டால் பிழையாகச் சொல்லக்கூடாது.