கைப்பிடிக்குப் பூசும் மருந்து

கொரோனாக் காலத்தில் கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுத் தொழிலாளி ஒருவரைக் கண்டேன். மலையகத்துத் தெல்தோட்டைக்காரர், மெலிந்த உடல், பெரிய கைகள். கதவுக் கைப்பிடிகளில் கிருமி தங்காதிருக்க ஒரு திரவத்தைப் பூசிக்கொண்டிருந்தார். பூசியது காயும்வரை அசையாமல் காவல் நிற்பார்.

"காஞ்சிட்டா யாரு தொட்டாலும் பயமில்லயாம்ங்க," என்றார் என்னிடம்.

அப்போது கொரோனா வார்டிலிருந்து தாதி வந்தார். தொழிலாளி அவரிடம் ஓடிப்போய்க் கேட்டார்: "மிஸ், இத என் கையில பூசிக்கிட்டா உள்ள விடுவீங்களா? ஒருக்கா உள்ள கெடக்குற என் சம்சாரம் கையப் புடிச்சிட்டு வந்துர்றேன்."

"அது கதவுக்குப் பூசுறது அண்ணே, மனுசருக்கு இல்ல," என்றார் தாதி.

தொழிலாளி தலையாட்டிவிட்டு, வார்டுக் கதவின் கைப்பிடியைப் பூசத் தொடங்கினார். அவருடைய மனைவி பிழைத்தாரா என்று இன்றும் தெரியாது.