ஜெசிந்தாவின் இரண்டு பாகம்

“‘தொடாதே, பாத்துண்டிரு’ன்றாரு. ஒம்போது நாளா பாத்துக்கினுதான் கீறேன். சும்மா பாக்குறதுக்குன்னா போன்லயே பாத்துக்க மாட்டனா?”

பட்டினப்பாக்கத்து ஜெசிந்தா இதைப் பேருந்தில் ஒருமுறை புலம்புவாள். வீட்டில் மீன் கழுவும் அம்மாவிடம் ஒருமுறை. முதல் வரியில் மந்தைவெளி மண் பரிசோதனை அலுவலகத்துப் பொறியாளர் அச்யுத்தின் குரல் அப்படியே வரும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடும் அவர் விரல்கூட வரும்.

பதினொன்றாம் வகுப்பு முடித்த விடுமுறையில் இரண்டு வாரப் பயிற்சி. சான்றிதழில் ‘பணியில் ஈடுபட்டார்’ என்றிருந்தால்தான் பொறியியல் முகாமுக்குப் பள்ளியிலிருந்து அனுப்புவார்கள். ‘பார்வையிட்டார்’ என்றால் கிடையாது. இயற்பியல் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் ஜெசிந்தா எந்தக் கருவியையும் முதலில் தொட்டுவிடுவாள், பிறகுதான், “இத தொடலாமா சார்?” என்று கேட்பாள். தலைக்கவசம் அவளுக்குப் புருவம்வரை இறங்கும். அண்ணனின் ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்திருப்பாள்.

பத்தாம் நாள் அடையாறில் வேலை. மண்ணில் போட்ட துளைக்குள் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கீச்சிடும் அளவுநாடா பேட்டரி தீர்ந்து ஊமையாகிவிட்டது. அச்யுத் வேறு பேட்டரி தேடிக் காருக்குப் போன நேரத்தில், ஜெசிந்தா ஒரு கயிற்றில் இரும்பு நட்டைக் கட்டி இறக்கினாள். தண்ணீர் தட்டியது கையில் தெரிந்தது. கயிற்றை அந்த இடத்தில் பிடித்து மேலே இழுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து அளந்தாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்த அச்யுத்திடம், “ரெண்டு பாகம் சார்,” என்றாள்.

“எந்தப் புஸ்தகத்தோட ரெண்டு பாகம்?”

“ஐய, புக்கு இல்ல சார். எங்கப்பா கடல்ல கயிறு வுட்டு ஆழம் பாப்பாருல்ல, அந்த பாகம். ஒரு பாகம் ஆறடி. பன்னெண்டு அடில தண்ணி கீது.”

அச்யுத் பென்சிலால் 12 என்று குறித்துக்கொண்டார். மறுநாள் அதே துளையில், புது பேட்டரி போட்ட அளவுநாடா பத்தடியிலேயே கீச்சிட்டது.

“மிச்சம் ரெண்டடி எங்கேர்ந்தும்மா கொண்டுவந்தே? கடல்லேர்ந்தா?”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கயிற்றை மறுபடி இறக்கினாள். மறுபடியும் இரண்டு பாகம்தான். தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாடாவின் நுனியை அச்யுத்திடம் நீட்டிவிட்டு, சிலுவைபோல் கை விரித்து நின்றாள்.

“என்னிய அளங்க சார்.”

ஐந்தடி.

“ஆறடி எங்கப்பா கை சார். கயித்த அளந்தது என் கை.”

நோட்டில் 12ஐ அடித்து 10 என்று எழுதினாள். காரணத்தையும் பக்கத்தில் எழுதினாள்.

கடைசி நாள் சான்றிதழ் வந்தது: ‘களப்பணியைப் பார்வையிட்டார்.’ ஜெசிந்தா அதை வாங்காமல் மேசையிலேயே விட்டாள்.

“நான் அளந்தேன்ல சார்?”

“அளந்தே, சரி. தப்பான்னா அளந்தே? அதை எப்படிம்மா போடறது?”

ஜெசிந்தா பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“தப்பா அளந்தாள்னே போடுங்க சார், கோச்சிக்க மாட்டேன். அளந்ததாலதான சார் தப்பாச்சு? அத கண்டுபுடிச்சதும் நான்தான், அதையும் சேத்துப் போட்டுக்குங்க!”