தியானக் கூடத்து அடுப்பு

கோவில்பட்டி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பௌத்த தியானச் சங்கத்தின் வரவுசெலவு என் கைக்கு வந்ததற்கு அதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. நாள் முழுக்கச் சில்லறையோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் கணக்கு வரும் என்று சங்கத்தை ஆரம்பித்த டெய்லர் அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

அவரிடம் நான் முதலில் போனது ஜாக்கெட் தைக்கத்தான். கணவர் இறந்து தூக்கமில்லாமல் கிடந்த காலம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து சும்மா கண்ண மூடி உக்காந்து பாருங்க தங்கச்சி. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார். போனேன். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை தூங்கினேன்.

அண்ணாச்சி இளவயதில் பம்பாயில் தையல் வேலை பார்த்தவர். பௌத்தத்தை ஏற்றுக்கொண்டதும் அங்கேதான். ஊர் திரும்பியபின், எட்டயபுரம் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, தன் பங்குக்கு வந்த கரிசல் துண்டில் தகரக் கூரை போட்டு ஒரு கூடம் கட்டினார். சுற்றிலும் மக்காச்சோளமும் உளுந்தும். தூரத்தில் காற்றாலைகள். கூடத்துக்குள் ஒரு சின்னப் புத்தர் சிலை, கோரைப் பாய்கள். பின்பக்கம் சார்ப்பு இறக்கி ஒரு அடுப்படி.

அடுப்படி அவருடைய மனைவியின் ராஜ்ஜியம். வாரம் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சமைப்பார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, காணம் என்று நாங்கள் சொல்லும் கொள்ளுத் துவையல். துவையலில் பூண்டு தூக்கலாக இருக்கும். முதலில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டார். கூட நின்று வெங்காயம் உரிக்க ஆரம்பித்தபின் நாங்கள் ஒருவருக்கொருவர் மதினி ஆனோம். என் தெருவில் இருந்துகொண்டு அவர் தெருப் பெண்ணை மதினி என்று கூப்பிடுவது சாதாரணமில்லை. என் சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். விழட்டும் என்றுதான் இருந்தேன்.

சங்கத்தில் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு உண்டியல். அதில் விழுவதை வைத்துத்தான் அரிசி, கேஸ், கரண்டு பில். பௌர்ணமிதோறும் ஒருநாள் முழுக்க மௌனம் இருப்போம். அதற்கு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேன் பிடிப்பேன். ஒருமுறை எங்கள் உறுப்பினர் ஒருவருக்குக் கால் முறிந்துபோக, எல்லோருமாகப் போய் அவர் காட்டில் உளுந்துச் செடி பிடுங்கிக் கொடுத்தோம். அதையும் தியானம் மாதிரியே பேசாமல் செய்யலாம் என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம்தான் முடிந்தது. அப்புறம் ஒரே சிரிப்பும் பேச்சும். பணத் தட்டுப்பாட்டில் ஓடிய சங்கம்தான். ஆனாலும் ஓடியது.

கரிசல் மண் மழைக்கு ஊறி உப்பும், வெயிலுக்குப் பிளந்துகொள்ளும். அதன்மேல் கட்டிய சுவர் நிம்மதியாக இருக்காது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு கூடத்தின் மேற்குச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. அடுத்த கோடையில் தரை இரண்டாகப் பிளந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "மேல்பூச்சு பூசி ஒண்ணும் ஆவப்போறதில்ல. அஸ்திவாரத்துலயே கைவைக்கணும்" என்றார். அவர் சொன்ன தொகையை எங்கள் உண்டியல் கனவிலும் கண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மண்டபக்காரர் எங்களிடம் வந்து சேர்ந்தார். கல்யாண மண்டபம் வைத்திருந்தார். ஒரே மகனை நாலுவழிச் சாலையில் பைக் விபத்தில் பறிகொடுத்தவர். முதல் நாள் தியானத்தில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணாச்சி எழுந்துபோய் அவர் முதுகில் கைவைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நடிப்பில்லாத அழுகை. அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

ஆனால் அவர் சாப்பிட மட்டும் உட்காரவில்லை. "சுகர் இருக்கு, வீட்டுச் சாப்பாடுதான்" என்று காருக்குப் போய்விடுவார். அவர் மூலமாக டவுனிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அவர்களும் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். ஒருவருக்கு அல்சர், ஒருவருக்குக் காரம் ஆகாது. பந்தி பாதியாகச் சுருங்கியது. மதினி அரிசியின் அளவைத் தானாகவே குறைத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கடையில் பாதி மூட்டை போதும் என்று நான் சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது.

கூடத்தைச் சரிசெய்யும் செலவு முழுவதையும் தானே ஏற்பதாக மண்டபக்காரர் சொன்னார். மகன் பெயரைக்கூடப் போட வேண்டாம் என்றார். ஒரே ஒரு யோசனை மட்டும்தான் அவருக்கு.

"அடுப்படிய எடுத்துருவோம் மேடம். அந்த எடத்துல பாத்ரூம் கட்டலாம். சாப்பாடு ஓட்டல்ல பார்சலா வாங்கிக்கிடுவோம், அதுக்கும் நான் தாரேன். சமையல்னா புகை, ஈ... சுத்தமா இருக்கணும்லா."

இதைப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சுத்தம், வசதி, நேரம் மிச்சம் என்றே பேசினார்கள்.

"அல்சரு, சுகருன்னு ஏன் சுத்தி வளைக்கணும்? அவிய கையால சாப்பிட உங்களுக்கு ஒப்பல. அதச் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அடுப்படிச் சத்தம் நின்றுவிட்டது. மண்டபக்காரர் முகம் வெளுத்து, "நான் அப்படி நெனைக்கவே இல்ல மேடம். புள்ளைய குடுத்துட்டு நிம்மதி தேடி வந்தவன நீங்க இப்படிப் பேசலாமா?" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. அவரைப் புண்படுத்திவிட்டேன் என்ற குற்றம் சாட்டும் பார்வையோடு ஆட்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

அண்ணாச்சி பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் ரொம்ப நேரம் தரைப் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுவரு விழுந்தா யாரும் உக்கார முடியாது தங்கச்சி. அவிய சொல்லுதபடியே செஞ்சிருவோம்" என்றார்.

என் பக்கம் நிற்பார் என்று நினைத்த மனிதர். உடனே கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கை என்னுடையது மட்டும்தான்.

வெளியே வந்தபோது மதினி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கரண்டிகளையும் அம்மிக்குழவியையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் தூக்கக் கைகொடுத்தேன். "கனமில்ல, விடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கூடத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த களைப்பில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

மதினி என்று கூப்பிடுவார் என்று எவ்வளவு நேரம் இருந்து பார்த்தும் அந்தச் சொல் வரவில்லை. தியானத்துக்காவது வாருங்கள் என்றேன்.

"கண்ண மூடுனா எனக்குத் தூக்கந்தான் வரும். அவுக சொல்லுத மூச்சு, கீச்சு எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து தின்னுதத பாக்கத்தாம்மா நான் அங்கன வந்தேன். இனிம வந்து என்னத்தப் பாக்க?"

அண்ணாச்சி உள்ளே மிஷினில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது காதில் விழாமல் இருந்திருக்காது. மிஷின் ஓட்டத்தை அவர் நிறுத்தவில்லை.

கூடம் நன்றாகவே எழும்பியது. ஆழத் தோண்டிச் சரளை நிரப்பி, கான்கிரீட் பெல்ட் கொடுத்து, வழுவழுப்பான டைல்ஸ் போட்டார்கள். ஃபேன் மாட்டினார்கள். கூட்டம் பெருகியது. உண்டியல் நிறைந்தது. பணப் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன், ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அரிசி வாங்கிய கையால் ஓட்டல் பில்லுக்குப் பணம் கொடுத்தேன். பார்சல் வந்ததும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு அவரவர் காருக்கோ மரத்தடிக்கோ போய்விடுவார்கள். அண்ணாச்சி சில மாதம் வந்தார். தியானத்தைத் தொடங்கி வைப்பார், முடிந்ததும் பார்சல் வாங்காமல் சைக்கிளை எடுப்பார். பிறகு அவரும் நின்றுவிட்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இடத்தைச் சங்கத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

போன பங்குனியில் மண்டபக்காரரின் மனைவி முதன்முறையாகக் கூடத்துக்கு வந்தார். மகன் போனதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வராதவர். தியானம் முடிந்து பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"இங்கன முன்ன சமைச்சு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்களாமே, அக்கா?"

"ஆமா."

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அவருக்குத் தெரியவே தெரியாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. காரில் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பியவர் இவர்தான். கணவருக்கு சுகர் என்றுதான் நினைத்துக் கொடுத்திருக்கிறார். மண்டபக்காரர் மனதில் நிஜமாகவே சுகர் மட்டும்தான் இருந்ததோ என்னவோ, அதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது.

மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் அங்கேயே டைல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்புள்ள எல்லார் வீட்டுலயும் சாப்பிடுவான் அக்கா. சிநேகிதக்காரன் வீட்டுலதான் பாதி நாளு. அதுக்கு எங்க வீட்டுக்காரவிய அவன வைவாவ" என்றார். கணவர் காரில் ஹாரன் அடித்தார். அவர் அசையவில்லை. "அந்தம்மா வீடு எங்கன இருக்கு? திரும்ப வந்து சமைக்கச் சொல்லி நான் போயி ஒருவாட்டி கேக்கட்டுமா?"

வீடு பூட்டிக் கிடப்பதைச் சொன்னேன். திருப்பூரில் எங்கே என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அண்ணாச்சியின் பழைய நம்பருக்கு என் முன்னாலேயே போன் போட்டுப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

அவர் ஒரு பார்சலைப் பிரித்தார். என்னையும் உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆறிப்போன சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டோம். வேறு யாரும் வந்து உட்காரவில்லை. பாதியிலேயே அவருக்கு இறங்கவில்லை. மடித்து வைத்துவிட்டு, கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் புதிதாகக் கட்டிய பாத்ரூமைக் காட்டினேன்.