சீசருக்கு நான் எழுதிய வாழ்த்துமடல்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். ரோமாபுரிச் சரித்திரத்தைப் பாதிதான் படித்திருந்தேன், தலைக்கனம் மட்டும் முழுசாக இருந்தது. எந்தத் தலைவரைக் கண்டாலும் ஒரு ரோமாபுரிக்காரனின் பெயரைச் சூட்டிவிடுவேன். எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தவர்கள் எல்லோரும் எனக்கு நீரோக்கள். எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சீசர்.

அந்த வருடம் சங்கம் இரண்டாக உடைந்தது. தலைவருக்கு வலது கையாக இருந்தவரே தனிச் சங்கம் தொடங்கிவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டதில், என் அக்கா வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி, கணக்கு முடித்த பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போச்சு. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். இனிச் சண்டை வராது என்று இரண்டு தலைவர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தோட்டத்துத் துரை சொன்னார். பிரிந்து போன மற்றவர் பிடி கொடுக்கவே இல்லை.

எங்கள் தலைவர் மட்டும் கோயில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. வாழ்த்துமடல் எழுதும் வேலை என் தலையில். ‘எங்கள் சீசரே’ என்று தொடங்கி, ‘முதுகில் குத்திய புரூட்டஸை இம்மலை மன்னிக்காது’ என்று முடித்தேன். அட்டன் டவுனுக்குப் போய் மடலுக்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. திருவிழா அன்று காலையில்தான் சேதி வந்தது. மற்றவரும் இறங்கி வந்துவிட்டாராம், மேடையிலேயே கையெழுத்தாம். அந்தக் கடைசி வரியை வாசிக்காமல் விட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே விட்டேன். கைதட்டினார்கள். அப்பாடா என்று வழக்கப்படி மடலைத் தலைவர் கையில் கொடுத்தேன். வாசித்ததைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது எப்படி என் மரமண்டைக்கு எட்டாமல் போனது? இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் படித்தார், சிரித்தார், பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். வேண்டுமென்றேதான் நீட்டினார்.

மற்றவர் நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். திறந்து வைத்திருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“கையெழுத்துக்குக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சு வந்தேங்க,” என்றார்.

அவர் மேடையை விட்டு இறங்கியதும் பாதிக் கூட்டம் கூடவே போனது. பின்னால் ஓடிக் கெஞ்சினேன். கார் கிளம்பிவிட்டது. கையெழுத்து விழாத கடிதம் மேசையில் கிடந்தது.

அடுத்த வருடமே அந்த இரண்டு பேரும் வேறொரு மேடையில் ஒரே மாலைக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குள் அக்கா குடும்பம் எங்கெங்கோ அலைந்துவிட்டது. அவர்கள் லயத்தை விட்டுக் கிளம்பிய சனிக்கிழமை, சட்டி பானை மூட்டையைத் தூக்கிக்கொடுக்கப் போனேன். என்னைத் தொட விடவில்லை அவள்.

“யாருடா அந்த சீசரு? அவனுக்காக எம்புள்ளைங்கள எங்கடா கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?”